முறை உக்கார்ற வீதி

ஏனுங்க, அந்த வெயில்ல எதுக்கு நிக்கறீங்க? இப்படி உள்ள வாங்க. அந்தக் கடை இப்பத்திக்குத் திறக்காதுங்க. இன்னைக்கு வெள்ளிக்கிழமை, பாய் தொழுகைக்குப் போயிருக்கறாரு. அவரு வந்துதான் திறக்கணும். இந்த ஸ்டூல்ல உக்காருங்க. ஐயையோ, அதுல வேண்டாம், பெயிண்ட் டப்பா வெச்சது, வேட்டியில ஒட்டிக்கும். இதுல உக்காருங்க.

எந்த ஊருங்க நீங்க? மூலனூருங்களா. தையல் கடை வெச்சிருக்கறீங்க. சரி சரி. யாரும் அனுப்பிச்சு வரலையே? தனபாலுன்னு ஒருத்தரு, கண்ணாடிக் கடைக்காரரு... தெரியாதுங்களா? இல்லீங்க, சும்மாதான் கேட்டேன். கோவிச்சுக்காதீங்க. தாராபுரத்துல இந்த வீதியில யாரு எதுக்கு வர்றாங்கன்னு சொல்ல முடியாதுங்க. கேட்டு வெச்சுக்கிட்டா நல்லதுதானே.

அந்தக் கடை கலாமணியோடதுங்க. தையல் சாமான் பூராவும் கிடைக்கும், நூல்கண்டு, ஜிப்பு, கொக்கி, லைனிங் துணி எல்லாம். அந்தம்மா மக கோயமுத்தூருல இருக்குது. அதுக்குப் பிரசவம் ஆயிருக்குது, இந்தம்மா போய்த் துணைக்கு இருக்கறாங்க. அதனாலதான் பாய் உக்கார்றாரு. ஜாபர் பாய்ங்க. அதோ பாத்திரக்கடை தெரியுது பாருங்க, பெரிய அண்டா வெளிய வெச்சிருக்குது, அது அவரு கடை. அங்க அவரு பையன் இருப்பான்.

பாத்திரக்கடைக்காரரு எதுக்கு வந்து ஜிப்பு விக்கறாருன்னு கேக்கறீங்க. கேப்பீங்க. யாரா இருந்தாலும் கேப்பாங்க. நானும் அதத்தானுங்க கேக்கறேன்!

இந்த வீதியில ஒரு பழக்கம் இருக்குதுங்க. ஒருத்தரு கடையத் திறக்க முடியாமப் போச்சுன்னா, நல்லதோ கெட்டதோ, மத்தவங்க முறை வெச்சு வந்து உக்காந்து நடத்துவாங்க. திங்கக்கிழமை ஒருத்தரு, செவ்வாய்க்கிழமை ஒருத்தருன்னு. கடை பூட்டிக் கெடக்கப்படாது, வாடிக்கை வேற பக்கம் பழகிப்போயிரும்னு சொல்லுவாங்க. இதுக்குப் பேரு முறை உக்கார்றது. இதெல்லாம் தனபாலு ஆரம்பிச்சு வெச்சது. அது மட்டுமில்லீங்க, வாராவாரம் திங்கக்கிழமை வெடியால கடை திறக்கறதுக்கு முன்னால எல்லாரும் அந்த டீக்கடையில கூடுவாங்க. கூடி என்ன பேசறாங்கன்னு நெனைக்கறீங்க? "என்ற கடைக்கு ஒரு கல்யாண வீட்டுக்காரரு வந்தாருங்க, ஜாக்கெட்டுக்கு லேஸ் வாங்கினாரு, பாய் நீங்க போய்ப் பாருங்க, சீர் பாத்திரம் எடுப்பாரு." இப்படி. "நம்ம ஊருக்குள்ள ஒருத்தரு வீடு கட்டறாரு, சன்னலுக்குக் கண்ணாடி வேணும், தனபாலு நீங்க போங்க." இப்படி.

நான் ஒரு தடவ போனேன். டீயக் குடிச்சேன், கேட்டேன், வந்துட்டேன். அப்பறம் போகல. தனக்கு வந்த ஆளப் புடிச்சு அடுத்தவன் கடைக்கு எவனாச்சும் அனுப்புவானாங்க? நீங்க அனுப்புவீங்களா? சொல்லுங்க. உங்க கடைக்கு வந்தவன, அந்தத் தையல்காரரு நல்லாத் தைப்பாரு அங்க போன்னு சொல்லுவீங்களா? மாட்டீங்கல்ல. அப்ப இவங்க மட்டும் எதுக்குச் சொல்றாங்க? உள்ள ஏதோ இருக்குதுங்க.

நான் யாரையும் நம்பறவன் இல்லீங்க. இந்தச் சென்னியப்பன் இரும்புக் கடையில ஒரு ஆணி களவு போகாதுன்னு இந்த வீதியே சொல்லும். வேலைக்கு ஆளு வெச்சதே இல்ல. எதுக்கு? அவன் கைய வெப்பான், நாம கண்ண வெக்கணும், நமக்குத்தான் கழுத்து வலி. நானே எடுக்கறது, நானே குடுக்கறது. பித்தளைத் தாப்பாள், நல்ல கீல் எல்லாம் அந்தா மேல பரண்ல வெச்சிருப்பேன். கீழ வெச்சா வர்றவன் பாப்பான், பார்த்தா தொடுவான். யாராச்சும் கேட்டா மட்டும் ஏணி போட்டு ஏறி எடுத்துக் குடுக்கறது.

அந்த ஏணிதானுங்க சறுக்கிருச்சு.

போன ஐப்பசியில. ஆசாரி ஒருத்தரு கீல் கேட்டாரு, ஏறினேன், விழுந்தேன். தொடை எலும்பு. சத்தம் எனக்கே கேட்டுச்சு. ஜாபர் பாய்தான் ஓடியாந்தாரு. அந்தப் பாத்திரக் கடையில இருந்து லுங்கிய மடிச்சுக் கட்டிக்கிட்டு ஓடியாந்து, என்னை அப்படியே அள்ளித் தூக்கி ஆட்டோவுல போட்டாரு. நான் லேசுப்பட்ட எடை இல்லீங்க, பாக்கறீங்கல்ல. அவரு சட்டையெல்லாம் ரத்தம். நான் அந்த வலியிலயும் சொன்னேன், "பாய், கடை திறந்து கெடக்குது, கடை திறந்து கெடக்குது"ன்னு. "கலாமணியக்கா உக்காந்திருக்கறாங்கண்ணா, நீங்க கண்ண மூடுங்க"ங்கறாரு. அதக் கேட்ட பொறவுதாங்க எனக்கு நெசமாவே நெஞ்சு அடைச்சுது. என்ற கல்லாப் பொட்டிகிட்ட கலாமணி!

ஆப்பரேசன் பண்ணி கம்பி வெச்சு ஊட்டுக்கு வந்தேன். எந்திரிக்கப்படாதுன்னுட்டாங்க. தை முடியற வரைக்கும் கட்டில்தான். கடை என்ன ஆகறது? எனக்கு அந்தக் கடைய விட்டா வேற எதுவும் கெடையாதுங்க. காடில்ல, தோட்டமில்ல. பொண்ணு ரெண்டு பேத்தையும் கட்டிக் குடுத்தது இதுலதான். பூட்டிட்டு மூணு மாசம் படுத்துக்கிட்டா அப்பறம் எவன் வருவான்? புதுசா பைபாஸ்ல பெரிய கடைக வந்திருக்குது. அதான் வெசனம். ராத்திரி தூக்கம் இல்ல.

அப்பத்தான் தனபாலு வந்து சொன்னாரு. "நாங்க முறை உக்கார்றோமுங்க. நீங்க கவலையில்லாம இருங்க"ன்னு. நான் வேண்டாம்னு சொல்றதுக்குள்ள என்ற ஊட்டுக்காரி பூங்கொடி சாவியக் கொண்டாந்து கையில குடுத்துட்டா. எனக்கு எந்திரிக்க முடிஞ்சிருந்தா அன்னைக்கு ஒரு சண்டை நடந்திருக்கும்.

பொறவு பாருங்க, நடந்தது ஒண்ணொண்ணும் கேளுங்க. நீங்களே சொல்லுங்க இது சரியான்னு.

பாய் உக்காந்த மொத வாரமே கீல் எல்லாத்தையும் அளவு வாரியாப் பிரிச்சு டப்பாவுல போட்டு மேல ஒவ்வொண்ணு கட்டித் தொங்க விட்டுட்டாரு. எதுக்கு? எங்கிட்ட என்னென்ன சரக்கு எவ்வளவு இருக்குதுன்னு தெரிஞ்சுக்கத்தானே? தனபாலு என்ன பண்ணினாரு, பரண் சாமானத்தையெல்லாம் கீழ இறக்கி கண்ணாடி அலமாரி ஒண்ணுல அடுக்கி, ஒரு ட்யூப்லைட்டையும் போட்டுட்டாரு. இதோ இதுதான் அது. நல்லாத்தான் இருக்குது, இல்லைங்கல. ஆனா எதுக்குங்க என்ற கடைக்கு இவரு வெளிச்சம் போடோணும்? உள்ள இருக்கறது அத்தனையும் ரோட்டுல போறவனுக்குத் தெரியட்டும்னுதானே?

பாய் ஊட்டுல இருந்து ஆட்டுக்கால் சூப்பு வரும். எலும்பு கூடறதுக்கு நல்லதுன்னு அந்தம்மா தூக்குப் போசியில குடுத்துவிடுவாங்க. மொத நாள் நான் தொடலை. என்னத்துக்குக் குடுக்கறாங்கன்னு தெரியாம எப்படிக் குடிக்கறது? பூங்கொடி எம் மூஞ்சியப் பார்த்துட்டு, தலையில அடிச்சுக்கிட்டு, எம் முன்னாலயே நின்னு ஒரு டம்ளர் குடிச்சா. "இப்பக் குடிக்கறீங்களா? இல்ல நான் செத்துட்டனான்னு நாளைக்கு வரைக்கும் பாக்கறீங்களா?"ன்னா. அவளுக்கு வாய் கொஞ்சம் எச்சுங்க. சூப்பு நல்லாத்தான் இருந்துச்சு. மிளகு கரெக்ட்டா இருந்துச்சு.

தினமும் பொழுதோட கடை பூட்டினதும் வித்த காசு மஞ்சப்பையில ஊட்டுக்கு வந்துரும். நான் சரக்கையும் காசையும் ஒத்துப் பார்த்தேன், ஒரு குறை தெரியலீங்க. குறைஞ்சிருந்தாக்கூட எனக்கு ஒரு நிம்மதியா இருந்திருக்கும். சரி, இவ்வளவுதான் இவங்க ஆசைன்னு விட்டிருப்பேன். குறையலைன்னா பெருசா ஏதோ நெனைக்கறாங்கன்னு அர்த்தம். அதுலயும் இன்னொண்ணு, எங்கிட்ட சண்டை போட்டுட்டுப் போன ஆசாரிக எல்லாம் திரும்ப வர்றாங்களாம். அந்த பிளம்பர் மாரிமுத்து, டேப்பைத் திருகிப் பார்த்தான்னு நான் ஒரு சத்தம் போட்டதுக்கு ரெண்டு வருசமா இந்தப் பக்கமே வராதவன், அவன் வந்து பாய்கிட்ட வாங்கிட்டுப் போறானாம். பார்த்தீங்களா? என்ற வாடிக்கையப் பூராவும் அவங்க கைக்குள்ள போட்டுக்கறாங்க.

அதான் ஒரு யோசனை பண்ணினேன். பூங்கொடியோட தம்பி ரங்கராசு காங்கேயத்துல இருக்கறான். அவன இவங்க யாரும் பார்த்ததில்லைன்னு நெனைச்சேன். அவனக் கூப்பிட்டு, "மாப்ள, நம்ம கடைக்குப் போ, புது ஆளு மாதிரி கீல் கேளு. இதவிட நல்ல சரக்கு வேற கடையில கிடைக்குமான்னு கேளு. எங்க அனுப்பறாங்கன்னு பார்த்துட்டு வா"ன்னேன். தெரிஞ்சவன் கடைக்கோ சொந்தக்காரன் கடைக்கோ அனுப்புவாங்க, அன்னைக்குக் கையும் களவுமாப் புடிச்சுரலாம்னு இருந்தேன்.

கலாமணி முறை அன்னைக்குப் போனான். வந்தான். கையில கீல். "என்னடா சொன்னாங்க?" "ஒண்ணும் சொல்லலீங்க மாமா. இதவிட நல்ல கீல் இந்த ஊருலயே கிடைக்காது, சென்னியப்பண்ணன் பார்த்துப் பார்த்து எடுப்பாருன்னு அந்தம்மா சொன்னாங்க. தண்ணி குடுத்தாங்க. நல்ல மனுசங்க மாமா." எனக்கு அவன் மேலயே சந்தேகம் வந்துருச்சுங்க! இவனையும் பேசிக் கரைச்சுட்டாங்களான்னு. அப்பறம் ரெண்டு மாசம் அவங்கூடப் பேச்சு இல்ல.

மாசியில கைத்தடி ஊனிக்கிட்டு கடைக்கு வந்தேன். எல்லாரும் இங்கதான் நின்னுட்டிருந்தாங்க, டீ வாங்கி வெச்சு, கலாமணி ஒரு முழம் மல்லிப்பூ சாமி படத்துக்குப் போட்டு. தனபாலு சாவிய எங்கையில வெச்சாரு. நான் வாங்கிக்கிட்டு, எல்லாரையும் ஒருக்காப் பார்த்துட்டு, மனசுல இருந்ததக் கேட்டுட்டேன். "சரிங்க. இப்பச் சொல்லுங்க. உங்களுக்கு எங்கிட்ட என்ன வேணும்?"

கேக்கறதுல என்ன தப்பு? நேருக்கு நேர் கேட்டேன். கலாமணிதான் சொல்லுச்சு, "உங்க மச்சினரு சௌக்கியமாங்கண்ணா? பேரம் பேசாமக் கீல் வாங்கிட்டுப் போனவரு இந்த வீதிக்கே அவரு ஒருத்தருதானுங்க"ன்னு.

எவ்வளவு வெவரம் பாருங்க! ரங்கராசு யாருன்னு கண்டுபுடிச்சுட்டு, தண்ணி குடுத்து அனுப்பிச்சு, அத மனசுக்குள்ளயே வெச்சிருந்து, எல்லார் முன்னாலயும் கேக்குது! தனபாலு சிரிச்சாரு. மத்தவங்களும் சிரிச்சாங்க. பாய் மட்டும் சிரிக்கலீங்க. பாதி டீயோட கிளாஸை அப்படியே பெஞ்சுல வெச்சுட்டு, "வர்றேங்கண்ணா"ன்னு கடைக்குப் போயிட்டாரு. அப்பவே எனக்குத் தெரியும், இந்த மனுசன் ஏதோ பெருசாத் திட்டம் வெச்சிருக்கறாருன்னு.

அன்னைக்கிருந்து நான் தயாரா இருந்தேனுங்க. எதுக்கா? கேக்கறதுக்கு வருவாங்கல்ல! நமக்கு முறை உக்காந்தவங்க, நாளைக்கு நம்மளையும் முறைக்குக் கூப்பிடுவாங்கல்ல! அதுக்குத்தான் இவ்வளவும் பண்ணியிருக்கறாங்க, என்னை வளைச்சுப் போடறதுக்கு. வரட்டும்னு என்ன சொல்றதுன்னு ஊட்டுல சொல்லிப் பார்த்து வெச்சிருந்தேன். "இங்க பாருங்க, நான் உங்களை உக்காரச் சொல்லிக் கேக்கல. நீங்களா உக்காந்தீங்க. எங்காலு வேற இப்படி இருக்குது. என்ற கடையவே நான் பாக்கறது பெரும்பாடு." நல்லா இருக்குதுங்களா? மரியாதையாவும் இருக்குது, வெட்டினாப்புலயும் இருக்குது. பூங்கொடி மட்டும் கேட்டுட்டு சமையல்கட்டுக்குப் போயிட்டா.

வைகாசியில பழக்கடைக்காரரு மகனுக்குக் கல்யாணம். முறை போட்டாங்க. எங்கிட்ட வரல. சரி, கால் இன்னும் சரியாகலைன்னு விட்டிருப்பாங்கன்னு இருந்தேன். ஆனியில தனபாலுக்கே கண் ஆப்பரேசன். வரல. இப்பப் பாருங்க, கலாமணி கடை. எனக்கு நேர் எதுத்தாப்புல! கூப்பிட்டா கேக்கற தூரம்! தனபாலு வாறாரு, பாய் வாறாரு, அந்தக் கோடியில இருக்கற சைக்கிள் கடைக்காரரு அவ்வளவு தூரத்துல இருந்து வாறாரு. முறை போட்டிருக்கறாங்க. எல்லாரும் இருக்கறாங்க. நான் இல்ல.

கேக்காம இருக்கறதுலயும் ஏதோ இருக்குதுன்னு தோணலீங்களா உங்களுக்கு? நான் பூங்கொடிகிட்டச் சொன்னேன், "இது வேணும்னே பண்றாங்கடி, என்னை ஒதுக்கி வெச்சு கேவலப்படுத்தறாங்க"ன்னு. அவ என்ன சொன்னா தெரியுங்களா? "சாவியக் குடுத்துக் கேட்டிருந்தா, எதுக்குக் குடுத்தாங்க, எதையோ காணோம்னு எந்தலையில கட்டறதுக்குத்தான் குடுத்திருக்கறாங்கன்னு மூணு நாள் சாப்பிடாமப் பேசியிருப்பீங்க. அதான் கேக்கலை"ங்கறா. அவளுக்கு என்ன தெரியும்? ஊட்டுக்குள்ள இருக்கறவ.

நேத்து என்ன ஆச்சு தெரியுங்களா? தனபாலு முறை. அவரு அப்பத்தான் பேங்குக்குப் போனாரு. பள்ளிக்கூடத்துப் புள்ள ஒண்ணு வந்து நின்னுச்சு, பாவாடைக்குக் கொக்கி வேணும்னு. கடை பூட்டி இருந்துச்சு. அந்தப் புள்ள கையில பாவாடையப் புடிச்சுக்கிட்டே நின்னுது, பாவம், ஊக்கு கூட இல்ல. எனக்குத் தெரியுங்க கொக்கி எங்க இருக்குதுன்னு. கல்லாவுக்கு வலது கைப்பக்கம், ரெண்டாவது தட்டு, கறுப்பு டப்பா. லைனிங் துணி உள்பக்கம். ஜிப்பு கண்ணாடி ஜாடியில. இத்தனை வருசமா எதுத்தாப்புல உக்காந்து பார்த்துக்கிட்டே இருக்கறவனுக்குத் தெரியாதா? அந்தக் கடைய அந்தம்மாவுக்கு அடுத்தபடியா எனக்குத்தான் தெரியும். என்னத்த பண்றது, "அப்பறம் வா கண்ணு"ன்னு சொல்லி அனுப்பிச்சேன். என்ற கடையில இருந்து ஒரு கம்பித் துண்டைக் குடுத்தேன் கட்டிக்கறதுக்கு.

அதான் இன்னைக்கு வெடியால பாய்கிட்ட நானே போனேனுங்க. ஆமா, நானேதான். காலை இழுத்துக்கிட்டு ரோட்டத் தாண்டிப் போனேன். போய், "பாய், இன்னைக்கு வெள்ளிக்கிழமை, நீங்க தொழுகைக்குப் போவீங்க. கடை பூட்டிக் கெடந்தா எவனாச்சும் கைய வெப்பான், காலம் கெட்டுக் கெடக்குது, யாரையும் நம்ப முடியாது. சாவிய எங்கிட்டக் குடுத்துட்டுப் போங்க"ன்னு சொன்னேன். நல்லாத்தானே கேட்டிருக்கறேன்?

அவரு என்னைப் பார்த்தாரு. சிரிச்சாரு. நல்ல சிரிப்புத்தானுங்க, குத்தம் சொல்ல முடியாது. "பரவாயில்லீங்கண்ணா. உங்களுக்கு எதுக்குங்க சிரமம்"னாரு.

சிரமமாங்க! சிரமம்னு யாருகிட்டச் சொல்லுவாங்க? ஊட்டுக்கு விருந்தா வந்த ஒறம்பரைகிட்டச் சொல்லுவாங்க. வெளியாளுகிட்டச் சொல்லுவாங்க. தனபாலுகிட்ட இவரு சிரமம்னு சொல்லுவாரா? "தனபாலு, பத்து நிமிசம் பார்த்துக்கய்யா"ன்னு சாவியத் தூக்கி வீசுவாரு. நான் என்ற கண்ணால பார்த்திருக்கறேன், வீசுவாரு, அவரு புடிப்பாரு. எனக்குச் சிரமமாம். என்னை ரத்தத்தோட அள்ளித் தூக்கினாரே, அன்னைக்குப் பார்த்தாரா சிரமம்? மூணு மாசம் என்ற கடையில உக்காந்து ஆணி எண்ணிக் குடுத்தாரே, அன்னைக்கு எங்க போச்சு சிரமம்?

அவரு பூட்டிட்டுப் போனதுல இருந்து அந்தப் பூட்டையேதான் பார்த்துட்டிருக்கறேன்.

அதோ, வந்துட்டாரு பாருங்க. தொப்பியோட வர்றாரு, அவருதான். போங்க, போய் உங்க சாமானத்தை வாங்குங்க. ஜிப்பு அந்த ஜாடியில இருக்குது, அவருக்குத் தெரியாது, தேடிட்டிருப்பாரு, நீங்களே கையக் காட்டுங்க. நான் இங்க இவ்வளவு நேரம் பேசினதெல்லாம் சொல்லிராதீங்க. எதுத்த கடைக்காரரு என்ன சொன்னாருன்னு கேட்டாலும் ஒண்ணும் சொல்லலைன்னுருங்க.

இல்ல, சித்த இருங்க. இருங்க சாமி.

ஒண்ணு மட்டும் கேளுங்க. நான் கேக்கச் சொன்னேன்னே சொல்லுங்க, பரவாயில்ல. சென்னியப்பனுக்கு எந்தக் கிழமை முறைன்னு கேட்டுட்டு வாங்க.